ஈரச் சேலைகள்

1991. அணை வற்றி, மலாக்காவே தண்ணீருக்குப் பறந்துகொண்டிருந்தது. ஆயர் குரோவில் ஒரு மாடி வீடு. காலை மணி பத்து.

"அக்காவக் காணோம் சார். நாலு நாளாச்சு!" சுசீலா வாசலிலேயே அழுதாள். ஜாசினிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். அக்காவின் புது வீட்டில் இன்றுதான் காலடி வைக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் சேகரன், அவளுடைய அக்கா புருஷன் தனபாலனைப் பார்த்தார். வீடு கட்டும் கண்ட்ராக்டர். குளித்து நாளாகியிருக்கும், சட்டை நாறியது.

"சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு சண்ட போட்டுட்டுக் கெளம்பிட்டா சார்."

"மாமா, ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றாள் சுசீலா. தனபாலன் வாளியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை.

படிக்கட்டுக்குக் கீழே, சுவரை ஒட்டி அக்காவின் சேலைகள் சொதசொதவென்று தொங்கின. சுசீலாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"பாவம் மாமா நீங்க. அக்கா சேலையெல்லாம் நீங்களே தொவைக்கிறீங்களா?"

"வந்தா கட்டணுமேம்மா."

"சேலைக்குப் பின்னால என்ன?" என்றார் சேகரன்.

"பழைய சுவரு சார். வீடு வாங்கினப்பவே இருந்துச்சு."

சேகரன் அடுப்படியை எட்டிப் பார்த்தார். கழுவாத தட்டுகள். தொட்டியில் கறிவேப்பிலைச் செடி கருகிக் கிடந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கோமளா நின்றாள்.

"இவருக்குத் தண்ணி கெடைக்கலியாம்மா?"

"யார் சொன்னா? நேத்து தண்ணி லாரி வந்தப்ப எங்களாட்டம் நாலு வாளி பிடிச்சாரு லா!"

"உங்க வீட்ல படிக்கட்டுக்குக் கீழ என்ன?"

"ஸ்டோர் சார். இந்த வரிசையில எல்லா வீடும் ஒரே மாதிரிதான்."

சேகரன் உள்ளே வந்து ஒரு சேலையை முகர்ந்தார். சோப்பு வாசனையே இல்லை.

"தொவைச்ச சேலைய வெயில்ல போடுவாங்க தனபாலன். நீ இருட்டுல, சுவத்தோட ஒட்டிப் போட்டிருக்க. குளிக்கல, தட்டு கழுவல. நாலு வாளியும் எங்க போச்சு? புதுசா கட்டுன செங்கல் சுவர நனைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா பூச்சு வெடிச்சிரும். பழைய சுவருக்கு எதுக்குய்யா தண்ணி?"

தனபாலன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "போகாதன்னேன் சார்... கேக்கல."

சம்மட்டி அடி ஒவ்வொன்றும் எகிறித் திரும்பியது. படுபாவி, அவ்வளவு உறுதியாகக் கட்டியிருந்தான்! கடைசியில் செங்கற்கள் சரிந்தன. வளையல் போட்ட ஒரு கை தெரிந்தது.

சுசீலாவுக்கு அழுகை வரவில்லை. கவிழ்ந்து கிடந்த வாளியையே வெறித்தாள்.

"ஒரு வாய் தண்ணி கேட்டேனேடா. இல்லேன்னு கவுத்துக் காட்டுனியேடா!"