குளவி அறைக்காரி

டாக்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது நாய் குரைக்கவில்லை. டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. ஊசி போடும் குளவிகளை ஆய்வகத்தில் வளர்ப்பவர். காற்றடித்தால்கூட வீட்டை இரண்டாக்கும் அந்த நாய், யாருடைய காலடியிலோ சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

வாடிய முட்டைக்கோஸ் இலை வாசம் குப்பென்று அடித்தது. ஆய்வகத்தில் புழுக்களுக்குப் போடும் அதே இலை.

சோபாவில் சுருட்டை உட்கார்ந்திருந்தாள்.

அவருடைய உதவியாளர்; சுருட்டை முடியால் வந்த பெயர். செத்து ஒரு மாதம் ஆகிறது.

"வந்துட்டீங்களா? சுருட்டை இனிமே நம்மகூடத்தான் இருப்பாளாம்," என்றாள் மனைவி. அன்று சடலத்தைப் பார்த்துக் கதறியவளும் இவள்தான். மகளோ சுருட்டையின் மடியில் தலைவைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கதவுப்பிடியை விடாமல் நின்றார்.

குளவி, புழுவின் உடம்புக்குள் முட்டையிடும்போது கூடவே ஒரு வைரஸையும் செலுத்தும். வெளியாள் நுழைந்தால் சூழ்ந்து கொல்லும் காவல் அணுக்கள் புழுவின் ரத்தத்தில் உண்டு. அவற்றை அந்த வைரஸ் முடக்கிப் போட்டுவிடும். அப்புறம் குளவிக்குஞ்சு உள்ளேயே நிம்மதியாகத் தின்று வளரும். எப்படி முடக்குகிறது என்று கண்டுபிடித்தவள் சுருட்டை. கண்டுபிடித்த பெயர் மட்டும் தனக்கு வேண்டும் என்று டாக்டருக்கு ஆசை.

குளவி அறையை விஷவாயு விட்டுத்தான் சுத்தம் செய்வார்கள். வாயுவைத் திறக்குமுன் கதவைத் தட்ட வேண்டும்; உள்ளே ஆள் இருந்தால் இரண்டு முறை பதிலுக்குத் தட்டுவார்கள்.

அன்று டாக்டர் தட்டினார்.

உள்ளிருந்து இரண்டு தட்டு.

அவர் வாயுவைத் திறந்தார். ஊர் விபத்து என்று நம்பியது.

மனைவி அடுப்படிக்குப் போனதும் அவர் கிசுகிசுத்தார். "உன்னை யாரு உள்ள விட்டது?"

"யாரும் தடுக்கலையே சார். தடுக்கறதையெல்லாம் முதல்லயே தூங்க வெச்சுட்டேன். நான் கண்டுபிடிச்சதுதானே."

"என் பொண்ணை விட்டுடு."

"அவ எனக்கு எதுக்கு? எனக்குத் தங்க இடம் வேணும். மூச்சு முட்டிச் செத்தேன் சார். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க நின்னுக்கிட்டே இருந்தீங்க."

அவள் மகளின் தலையைத் தலையணைக்கு மாற்றிவிட்டு எழுந்தாள். அவர் பிடரியில் சில்லென்று ஒரு விரல் பட்டது.

சுருக்கென்றது.

வாய்விட்டு அலறத்தான் நினைத்தார்.

"சுருட்டை நம்ம பொண்ணு மாதிரிதானே," என்றது அவர் வாய். "இருந்துட்டுப் போகட்டும்."

"அதைத்தான் நானும் சொன்னேன்," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

சோபாவில் மகள் மட்டும்தான் இருந்தாள்; சுருட்டையைக் காணோம். நாய் எழுந்து வந்து இப்போது அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

பிடரித் தோலுக்கு அடியிலிருந்து இரண்டு தட்டு.

அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியும். பயப்பட வேண்டும் என்றும் தெரியும். பயம் மட்டும் வரவில்லை.

சட்டைக் காலரை மெல்லத் தளர்த்திவிட்டார், உள்ளே இருப்பவளுக்கு மூச்சு முட்டிவிடக் கூடாதே என்று.