ரப்பர் கை

பயிற்சி அறைப் பொம்மையின் கை வெதுவெதுப்பாக இருந்தது.

"ஹீட்டர் பக்கத்துல வெச்சிருப்பாங்கடி," என்றாள் நர்ஸிங் வகுப்பில் உடன் படிக்கும் சோர்னித்சா. "ரொம்பத் தடவாதே, மாப்பிள்ளை வெட்கப்படுறார்."

ரலித்சா சிரிக்கவில்லை. அதே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் அவள் அண்ணன் இஸ்கிரென் காய்ச்சலில் கிடந்தான். ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பு அகப்படாமல் இரண்டு கைகளும் நீலம் பாரித்திருந்தன. வார்டு முழுவதற்கும் ஒரே நர்ஸ். "பொம்மையில ஒழுங்கா குத்திப் பழகிட்டு வா. உங்க அண்ணனுக்கு நீதான் போடணும், எனக்கு ஆள் இல்ல," என்று அனுப்பியிருந்தாள்.

எப்படிக் குத்துவது என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை.

"அந்த ஜெர்மன் டீச்சர் புரிஞ்சுதான்னு கேட்டப்ப, நாம எல்லாரும் நம்ம ஊர் வழக்கப்படி இல்லைன்னு மேலும் கீழும் தலையாட்டினோமே," என்றாள் சோர்னித்சா. "அவங்க ஊர்ல அது ஆமாவாம். சந்தோஷமா அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க, பாவம்!" சிரித்துக்கொண்டே பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

டான்யூபிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் ஜன்னலில் வெள்ளையாக அப்பியிருந்தது. சுவருக்குள் வெந்நீர்க் குழாய், மூச்சுக்குத் தவிப்பவனைப்போல் இழுத்து இழுத்து விட்டது. ரப்பர் வாடைக்கு அடியிலிருந்து, இஸ்கிரெனின் சட்டைகளில் எப்போதும் இருக்கும் புகையிலையும் வியர்வையும் கலந்த வாடை மெல்ல எழுந்தது. ரலித்சா ஊசியைச் செலுத்தினாள். பொம்மையிடமும் கேட்க வேண்டும் என்பது வகுப்பு விதி. கேட்டாள்.

"வலிக்குதா?"

பொம்மையின் தலை இடமும் வலமுமாக அசைந்தது. ஆமாம் என்று.

ரத்தத்துக்குப் பதிலாகப் பொம்மைக்குள் ஊற்றியிருந்த சிவப்புத் தண்ணீர் குழாயில் ஏறி, கெட்டியாகிக்கொண்டே வந்தது. குத்திய இடம் வீங்கியது. ரப்பர் வீங்காது.

போன் அடித்தது. வார்டு நர்ஸ்.

"ரலித்சா, ஓடி வா! உங்க அண்ணன் கையில ரத்தம் கொட்டுதும்மா. நான் ஊசியே எடுக்கல... யாரு குத்தினது?"

ஊசியை உருவினாள். பீறிட்டது. கட்டைவிரலால் அழுத்தினாள். விரலிடுக்கில் வழிந்தது, சூடாக. பஞ்சு. இன்னும் பஞ்சு. விட்டுவிட்டு மேலே ஓடினால் இங்கே யார் அழுத்துவது? போனில் நர்ஸ் "இஸ்கிரென், இஸ்கிரென்" என்று கத்தினாள். பிறகு கத்தவில்லை.

விரலுக்கடியில் துடிப்பு மெலிந்தது.

"வலிக்குதாண்ணா?"

தலை மெதுவாக மேலே போனது. கீழே வந்தது. மறுபடி மேலே.