ஊடு தவறா?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் அன்று கணினி விழா. கணினி ஒன்றுதான் இருந்தது. அதைச் சுற்றிப் பதவிகள் நிறைய இருந்தன.

எட்டாம் வகுப்பு ஜெகன் ‘தலைமை நிரலாளர்’ என்று அட்டையில் எழுதிச் சட்டையில் குத்தியிருந்தான். அட்டை கொஞ்சம் பெரிது. சட்டைப் பையே தெரியவில்லை. ஏழாம் வகுப்பு பிரின்சிக்கு எழுத அட்டை மிஞ்சவில்லை.

இருவரும் சேர்ந்து பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு விளையாட்டு எழுதியிருந்தார்கள். திரையில் படம் வரும். அது என்ன என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். சொன்னதைப் பிரின்சி அப்படியே தட்டுவாள். கணினி ‘சரி’ என்றோ ‘தவறு’ என்றோ காட்டும்.

சிறப்பு விருந்தினர் எப்போது வேண்டுமானாலும் வந்துவிடுவார். மேசைக்கடியில் பிரின்சியின் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

முதல் ஆளாக எபினேசர் வந்தான். பிரின்சியின் தெருப் பையன். திரையில் ஓட்டுக் கூரையும் கதவுமாக ஒரு படம்.

“ஊடு,” என்றான்.

தட்டினாள். ‘தவறு’ என்று சிவப்பில் வந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

“இது ஊடுதானேக்கா?”

“ஊடுதான்டா. ‘வீடு’ன்னு சொன்னாதான் இதுக்குத் தெரியும்.”

“எங்கப்பா ஊடுன்னுதான் சொல்லும். அப்போ எங்கப்பா தப்பா?”

எபினேசரின் அப்பா இரும்பு ஆலைக்குக் கிளம்பும்போது, “ஊட்டைப் பூட்டிக்கோ” என்று சொல்வது தெருமுனை வரை கேட்கும்.

எபினேசர் சன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

“கம்ப்யூட்டர் சொன்னா சொன்னதுதான். நான் எழுதினதுல தப்பே வராது,” என்றான் ஜெகன்.

பிரின்சி நிரலைத் திறந்தாள். வீடு மட்டும்தான் அதில் இருந்தது. அவசரமாக ஊட்டையும் சேர்த்தாள்.

if பதில் == "வீடு" or "ஊடு":

“எபினேசர், இங்க வா. இப்ப சொல்லு.”

“ஊடு.”

‘சரி! நீ அறிவாளி!’ என்று பச்சையில் வந்தது. அவன் சிரிக்கப் போனான். பிறகு கண்ணைச் சுருக்கினான்.

“தக்காளின்னு அடிக்கா.”

“இன்னாத்துக்குடா?”

“சும்மா அடியேன்.”

அடித்தாள். ‘சரி! நீ அறிவாளி!’

“எருமை?”

‘சரி! நீ அறிவாளி!’

“இது சும்மா சொல்லுதுக்கா,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சன்னலுக்கே போய்விட்டான்.

ஜெகனுக்கோ ஒரே மகிழ்ச்சி. “அப்படியே வுட்டுடு பிரின்சி. வர்றவர் இன்னா சொன்னாலும் அறிவாளின்னு காட்டும். இதைவிட இன்னா வேணும்?”

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். திலகவதி டீச்சர் ஒலிபெருக்கியில் தொடங்கிவிட்டார். “கணினிக் கதிரவன், மென்பொருள் மாமணி, விசைப்பலகை வேந்தர்…”

பட்டங்கள் நீளமாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பிரின்சிக்கு நேரம் கிடைத்தது. வரியின் கீழே விரலை வைத்துப் படித்தாள்.

“பதில் வீடா இருந்தா… அல்லது ஊடு.” விரல் நின்றது. “அல்லது ஊடுன்னா? எது ஊடு?”

“இன்னா முணுமுணுத்துக்கினு இருக்கே?”

“பதில் ஊடான்னு நாம கேக்கவே இல்லண்ணா. ஊடு மட்டும் தனியா நிக்குது. காலியா இல்லாத எந்த வார்த்தையும் பைத்தானுக்கு உண்மைதான். அதான் எருமைக்கும் தலையாட்டுது.”

“வர்ற நேரத்துல கைவைக்காதே. பேஜாராயிடும்.”

அவள் கைவைத்தாள். பதற்றத்தில் வரியின் முடிவில் வரும் இரட்டைப் புள்ளி விட்டுப்போயிற்று. நிரல் ஓட மறுத்தது. மறுபடியும் அடித்தாள்.

if பதில் == "வீடு" or பதில் == "ஊடு":

அதற்குள் பட்டங்கள் தீர்ந்து, சிறப்பு விருந்தினர் அன்புச்செல்வன் ஐயா சால்வையோடு உள்ளே வந்துவிட்டார். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

“இந்தப் படம் என்னன்னு சொல்லுங்க, ஐயா,” என்றாள் பிரின்சி.

அவர் தொண்டையைச் செருமினார். வீடு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அது எல்லாரும் சொல்வது.

“உறைவிடம்,” என்றார்.

பிரின்சி அப்படியே தட்டினாள்.

‘தவறு.’

ஜெகன் தன் அட்டையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டான்.

“கருவியில் ஏதோ கோளாறு,” என்றார் விசைப்பலகை வேந்தர்.

எபினேசர் திரும்பிப் பார்த்தான். சிவப்பு எழுத்தைப் பார்த்தான், சால்வையைப் பார்த்தான். மெல்ல நடந்து வந்தான்.

“அக்கா, எனக்கு ஊடுன்னு அடி.”

‘சரி! நீ அறிவாளி!’

அவன் நெடுநேரம் அதையே பார்த்தான். இவ்வளவு பெரிய மனிதரிடமே தவறு என்று சொன்ன பெட்டி இது.

“இப்ப நெஜமா சொல்லுது,” என்றான். பிறகு, பாவம் என்று தோன்றியதோ என்னவோ, ஐயாவின் சால்வை நுனியைப் பிடித்து இழுத்தான். “ஊடுன்னு சொல்லுங்க அங்கிள். ஒத்துக்கும்.”

ஐயா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஊடு.”

‘சரி! நீ அறிவாளி!’

அத்தனை பட்டங்களைப் படித்தபோதும் வராத சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. எபினேசர் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். பிரின்சி திரையில் அடுத்த படத்தைக் கொண்டுவந்தாள்.

“அடுத்த படம் ஆடு. அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல, அங்கிள்.”