இரண்டாவது பூச்சு

பெயிண்ட் போதவில்லை. பழைய வீடுகளை வாங்கிப் பூசி வாடகைக்கு விட்டே காலம் தள்ளிய ஜோலீனுக்கு அந்தக் கணக்கு இதுவரை தப்பியதேயில்லை. கீழே கூடம், சமையலறை. மேலே இரண்டு படுக்கையறை, ஒரு நடை. அவ்வளவுதான் வீடு. அளந்து வாங்கிய சாம்பல் நிறம் மாடி நடை முடியும் முன்பே தீர்ந்தது. மறுபடி வாங்கினாள். அதுவும் தீர்ந்தது.

அவள் யோசிக்கவில்லை. கணவன் ரே செத்த பிறகு அவள் எதையும் அதிகம் யோசிப்பதில்லை.

"ரோலர் கையில இருந்தா கண்ணுக்கு வேலை குடுக்காத ஜோ," என்பான் அவன். "ஆணி, கறை, செத்த கரப்பான், எல்லாத்து மேலயும் ஓட்டு."

அப்படித்தான் ஓட்டினாள். டொலிடோ நகரில் பனி கொட்டிய அந்த வாரம் முழுக்க, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஈரப் பெயிண்டும் பழைய கம்பளமும் கலந்த நெடியில், ரோலர் சப்புக்கொட்டியபடி சுவரில் ஏறி இறங்கப் பூசினாள். அவள் கை நின்ற பிறகும் அந்தச் சத்தம் ஒருமுறை தனியாகக் கேட்டு அடங்கும். நடையின் கோடியில் சுவர் காயவேயில்லை. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. பின்னால் வெந்நீர்க் குழாய் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த வீடு. இப்படிப்பட்ட வீடுகளை உள்ளே பார்க்காமல்தான் எடுப்பார்கள். குடியிருக்கும் வீட்டை அடகு வைத்து, குறுகிய காலக் கடனில் எடுத்திருந்தாள். பழுதுபார்த்த வீட்டுக்கு நல்ல மதிப்பு விழுந்தால் வங்கிக் கடன் வாங்கி அதை அடைத்துவிடலாம். விழாவிட்டால் இரண்டு வீடும் போகும். இரண்டு படுக்கையறைக்கு அந்த மதிப்பு விழாது.

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் குர்ட், இருட்டத் தொடங்கியபோது வந்தார்.

"ஒஹையோ பூரா இதே சாம்பல்தானா?" என்றார். "என் பொண்டாட்டி இந்தக் கலர்ல கோட் போட்டு செவுத்தோரம் நின்னா, நான் தேடாமலே விட்டுருவேன்."

ஜோலீன் மரியாதைக்குச் சிரித்தாள். அளவுக் கருவியோடு அவர் மட்டும் மேலே போனார். அவள் சமையலறையில் நின்று கேட்டாள். காலடி. ஒரு கதவு. இன்னொரு கதவு. நடையின் கோடிவரை காலடி.

இன்னொரு கதவு.

அவர் இறங்கி வந்தார். "மூணு படுக்கையறை. நல்லவேளை, ரெண்டுன்னா பேங்க்ல உதட்டப் பிதுக்கியிருப்பாங்க."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். தன் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது, மேஜையில் ரே உட்காரும் பக்கம்.

"ஆமா," என்றாள். "மூணு."

"கடைசி ரூம்ல, கட்டில்கிட்ட, ஒரு எடத்துல பெயிண்ட் வெடிச்சிருக்கு. காலைல போட்டோ எடுக்க ஆள் வரும். அதுக்குள்ள சரி பண்ணிருங்க."

அந்த வீட்டில் கட்டிலே கிடையாது.

அவர் கார் போன சத்தம் தேய்ந்த பிறகு மேலே ஏறினாள். நடையின் கோடியில், காயாத சுவர் இருந்த இடத்தில், கதவு. நிலை, கீல், கைப்பிடி, எல்லாம் சாம்பல். ஈரம்.

திறந்தாள்.

சாம்பல் ஜன்னல். கண்ணாடியும் சாம்பல். கட்டில், போர்வை, தலையணை. தலையணையில் ஒரு முகம். இமை மேல் பூச்சு. முடி ஒரே தகடாக இறுகியிருந்தது. ரோலரின் ஒவ்வொரு இழுப்பும் முடிகிற இடத்தில் இடப்பக்கம் லேசாக வளைந்திருந்தது. ஜோலீனின் கை எப்போதும் விடும் வளைவு.

போர்வை உயர்ந்தது. தாழ்ந்தது.

வாயருகே மட்டும் பெயிண்ட் வெடித்திருந்தது. மூச்சுக்கு மூச்சு வெடிப்பு விரிந்து மூடியது. சப்புக்கொட்டும் சத்தம்.

ஜோலீன் நின்றாள். வெளியே பனி. காலையில் ஆள் வரும்.

கீழே போய் பெயிண்ட் தட்டும் ரோலரும் எடுத்து வந்தாள். வெடிப்பின் மேல் மெல்ல ஓட்டினாள். பூசியது நிற்கவில்லை. உதடுகள் ரோலரைப் பற்றிச் சப்பின, ஒரு சொட்டு விடாமல்.

ரோலரை இழுத்து விடுவித்தாள். மறுபடி தோய்த்தாள்.