இருபத்தேழாம் வீட்டின் இடம்

காலை ஐந்தரைக்கு வெயில்முறை அலுவலகத்தில் பொன்னெழில் வரிசையைச் சுழற்றினாள். திரையில் இருந்த நானூறு வீட்டு எண்களில் முதல் இருபதும் கழன்று கடைசிக்குப் போயின. மற்றவை இருபது இடம் முன்னால் நகர்ந்தன. ஒன்று முதல் இருபது வரையுள்ள வீட்டார் இன்று மின்தூக்கியில் ஏறி மேலே போவார்கள், ஒரு மணி நேரம் வெயிலில் நிற்பார்கள். அவர்களுக்கு அடுத்த வெயில் இருபது நாள் கழித்துத்தான்.

நிலத்தின் மேல் வாழ முடியாமல் போய், பழைய சுரங்கத்துக்குள் ஊர் இறங்கி முப்பத்தாறு வருடமாகிறது. முதல் வருடம், பலமுள்ளவன் எளியவனின் முறையைப் பறித்துக்கொண்டான். அடிதடியில் இரண்டு உயிர் போனது. அதன் பிறகு ஒருவர் இடத்தை இன்னொருவருக்கு மாற்றும் வசதியையே கணினியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எஞ்சியது சுழற்சி ஒன்றுதான். அதில் எல்லோருக்கும் முறை வரும். ஆனால் யாருக்கும் பக்கத்து ஆள் மாறுவதில்லை. தள்ளியிருக்கும் இரண்டு வீட்டார் சாகிறவரை ஒன்றாக மேலே போகவே முடியாது.

அன்று ஏழு மணிக்குச் சவரிமுத்து வந்தார். இருபத்தேழாம் வீட்டில் தனியாக இருப்பவர். ஒளிக்குழல் பழுது பார்ப்பவர்.

"நாளைக்கு எனக்கு முறைம்மா. என் தம்பி மரியதாஸையும் கூட அனுப்ப முடியுமா?"

"அவர் வீடு எத்தனை?"

"நூத்து எண்பத்தேழு."

"அவருக்கு முறை ஒன்பதாம் நாள்தானே ஐயா. அப்போ போகட்டுமே."

"போவான். என்னைப் பார்க்க மாட்டானே." சவரிமுத்து கைகளைப் பிசைந்தார். "அவன் பார்வை சுருங்கிக்கிட்டே வருதும்மா. இந்தக் குழல் வெளிச்சத்துல அவனுக்கு ஆள் முகமே தெரியாது, வெயில்ல மட்டும்தான் தெரியும். என் முகத்தைப் பார்த்து ஆறு வருஷம் ஆச்சுங்கிறான். இன்னும் ஒரு மாசம்கூடத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நாளுக்கு நாள் குறையுது."

பொன்னெழில் விதிப்புத்தகத்தை எடுத்தாள். 'வரிசையைச் சுழற்றலாம்' என்றுதான் இருந்தது. முழு வரிசையையும் என்று எங்கேயும் இல்லை. இருபத்தெட்டாம் வீட்டிலிருந்து நூற்று எண்பத்தேழாம் வீடுவரை உள்ள துண்டை மட்டும் பின்பக்கமாக ஓர் இடம் சுழற்றினால்? கடைசியில் இருக்கும் மரியதாஸ் துண்டின் தலைக்கு வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்பார். நடுவில் இருப்பவர்கள் ஆளுக்கு ஓர் இடம் பின்வாங்குவார்கள். அதில் எட்டு வீட்டார் மட்டும் தங்கள் குழுவின் விளிம்பிலிருந்து நழுவி மறுநாளைக்குப் போவார்கள்.

"அந்த எட்டுப் பேரும் சம்மதிச்சா செய்யலாம்" என்றாள்.

இருவரும் எட்டு வாசலையும் ஏறி இறங்கினார்கள். ஏழு வீட்டில் கையெழுத்து கிடைத்தது. எட்டாவது, நூற்று எண்பதாம் வீடு. ஹாஜிரா இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். குழந்தையின் கால்கள் வில்லாக வளைந்திருந்தன.

முழுதும் கேட்டுவிட்டு, "இருபது நாளே இவளுக்கு அதிகம்னு டாக்டர் சொல்றார்" என்றாள். "ஒரு நாள்தான், தெரியுது. ஆனா என்னால முடியாதுங்க. என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க."

சவரிமுத்து குழந்தையின் காலைப் பார்த்தார். "நீ ஏம்மா மன்னிப்பு கேக்குற? வெயில் அவளுக்குத்தான் வேணும்."

இருவரும் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். பொன்னெழில் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஏழு கையெழுத்தும் வீண். திடீரென்று அவள் நிமிர்ந்தாள்.

"ஐயா, தம்பியை முன்னால கொண்டு வந்தா மத்தவங்க பின்னால போகணும். உங்களைப் பின்னால கொண்டு போனா?"

"என்ன ஆகும்?"

"நடுவுல இருக்கிறவங்க எல்லாரும் ஓர் இடம் முன்னால வருவாங்க. யாருக்கும் நஷ்டமில்லை. எட்டு வீட்டுக்கு ஒரு நாள் முன்னாடியே வெயில். காத்திருக்க வேண்டியது நீங்க ஒருத்தர்தான். நாளைக்குப் போக முடியாது. இன்னும் எட்டு நாள் ஆகும். உங்க பழைய குழுவையும் விட்டுப் பிரியணும்."

சவரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் குழுவோடுதான் அவர் முப்பத்தைந்து வருடம் மேலே போய் வந்தார். மனைவி இறந்தபோது தோள் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

"எட்டு நாள்ல அவன் பார்வை இன்னும் சுருங்கிடுமே."

"சுருங்கும். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுய்யா."

அவர் எழுந்தார். "சுத்திடும்மா" என்றார்.

ஒன்பதாம் நாள், புது வரிசை சரியாக நடக்கிறதா என்று பார்க்கப் பொன்னெழிலுக்கும் மேலே போக அனுமதி கிடைத்தது. மின்தூக்கிக் கதவு திறந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. முந்தின நாள்தான் ஹாஜிரா தன் முறையில் வந்து, குழந்தையின் துணியைக் களைந்து இதே வெண்மணலில் உட்கார வைத்திருந்தாள். மரியதாஸ் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் தடவியபடி நடந்து வந்தார். நாற்பது வயதுதான். நடை கிழவர் நடை.

"இங்கேயே நில்லுண்ணே. அசையாதே."

முழு முகமும் ஒரே பார்வையில் அவருக்கு அகப்படவில்லை. சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பவரைப் போலத் தலையை மெல்ல மெல்ல அசைத்தார். முதலில் தாடை. பிறகு வாய். மூக்கின் ஓரத்துத் தழும்பு. அங்கே கொஞ்ச நேரம் தங்கினார். பிறகு கண்கள். சவரிமுத்து மூச்சை அடக்கிக்கொண்டு, வெயில் சுட்டபோதும் இமைக்காமல் நின்றார்.

"என்னண்ணே, இப்படி நரைச்சுப் போயிட்டே?" என்றார் மரியதாஸ். "யாரும் என்கிட்ட சொல்லவே இல்லையே."