கூச்சவேலிக்கு உள்ளே

கருவேலம்பாறையின் எல்லைத்தூண் அழுகிற பெண்ணை வெளியே விடாது. போன தையில் சொர்ணப்பாண்டியின் மகள் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். தாயைக் கட்டிப்பிடித்து அழுத கண் காயவில்லை. தூணை நெருங்கியதும் கார் தானாக நின்றது.

"உன்னை அழைத்துப் போவது யார்? எங்கே? உன் அடையாள அட்டை உன் கையில் இருக்கிறதா?" என்று தூண் கேட்டது.

அட்டை மாமியார் பையில் இருந்தது. பெண் தேம்பிக்கொண்டே மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். சங்கு ஊதிவிட்டது.

சங்கு ஊதினால் ஊரைச் சுற்றிக் கூச்சவேலி எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. தொட்டால் உடம்பெல்லாம் கட்டெறும்பு ஏறினது மாதிரி இருக்கும். மாடுகூட மிரண்டு திரும்பிவிடும். தூணுக்கு வெளியே தகரக் கூரை போட்ட அபய மேடையில் அந்தப் பெண் மட்டும் நிற்க, மற்றவர்கள் எல்லோரும் வேலிக்கு உள்ளே மாட்டிக்கொள்வார்கள். கடத்துகிறவன் அவளை நெருங்கக் கூடாது, அவனுக்கு உடந்தையானவனும் தப்பக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருந்தார்கள். அவள் தன் வாயால் "நலம்" என்று சொன்னால்தான் வேலி இறங்கும். மிரட்டிச் சொல்லவைத்தால் பலிக்காது. நெஞ்சு அடிக்கிற அடியையும் தூண் பார்க்கும். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் வெயிலில் சொறிந்துகொண்டு நின்றதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது.

சிரித்தாலும் ஊருக்குப் பெருமைதான். ஒரு காலத்தில் வேன் வந்து பெண் பிள்ளைகளை மில்லுக்கென்று ஏற்றிப் போகும். சிலர் திரும்பவே இல்லை. ஊரே ரோட்டில் உட்கார்ந்து போராடி வாங்கிய தூண் இது. காவல் குழுவுக்குத் தலைவர் பலவேசம். வெள்ளிக்கிழமைதோறும் பஸ் நிறுத்தத்தில் விழிப்புணர்வு நாடகம் நடக்கும். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு, "பாப்பா, பட்டணத்துக்கு வாரியா?" என்று சொர்ணப்பாண்டி இளிப்பான். பிள்ளைகள் மண்ணாங்கட்டியால் எறிவார்கள். அந்நியன், வண்டி, ஆசை வார்த்தை, வெளியூர் என்று சின்னப் பிள்ளைகூட ஒப்பிக்கும். தூணின் பலகையில் பச்சை எழுத்து எரியும்: 'கடத்தல் இல்லாத ஊர்.'

அதே பலவேசம்தான் ஊர் நடுவில் தொலைக்கைக் கூடம் வைத்திருந்தார்.

கூடத்தில் பெண்கள் தோள்வரை கையுறை மாட்டி உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் கை அசைத்தால் கடல் தாண்டி ஒரு குளிர்தேசத்து மீன் ஆலையில் இரும்புக் கை அசையும். இவர்கள் வெட்டினால் அது வெட்டும். மீன் உறைந்திருக்கிறதா, இளகிவிட்டதா என்று கைக்குத் தெரிய வேண்டும் என்பதால் அங்கிருக்கும் குளிர் கையுறை வழியாக இங்கே வரும். வெளியே தார் ரோடு உருகுகிற வெயில். உள்ளே விரல் விறைத்துப்போகும்.

ஊரைவிட்டுப் போகாமல் வேலை என்றதும் ஆவுடைத்தாயும் அவள் தங்கை காவ்யாவும்தான் முதலில் சேர்ந்தார்கள். பதிவுக்கு என்று அட்டைகளைப் பலவேசம் வாங்கிக்கொண்டார். போன் இருந்தால் அலை குறுக்கிடும் என்று அதையும் வாங்கினார். தூசி வரக் கூடாதென்று கதவை வெளியே பூட்டினார். ஓர் ஆலையில் பொழுது சாய்ந்தால் இன்னொரு தேசத்து ஆலையில் விடியும். பாய் கூடத்துக்குள்ளேயே வந்தது. சோறும் உள்ளேயே வந்தது. பிறகு யாரும் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கம்பி வழியாக மதினி சுடலைவடிவு மோர் கொடுத்தாள். ஆவுடை அதை வாங்காமல் காவ்யாவின் கையைப் பிடித்துக் காட்டினாள். மூன்று விரல் நுனி சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஒன்று கறுக்கத் தொடங்கியிருந்தது.

"பாருங்க மதினி. கிள்ளுனா தெரியலங்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கதவத் தெறக்கச் சொல்லுங்க."

"பலவேசம் அண்ணாச்சிட்ட கேட்டேன்ட்டி. சரக்கு முடியட்டும்னாக."

"அது முடியவே முடியாது. எங்கள அடைச்சு வச்சிருக்காரு மதினி. இதுக்குப் பேரு என்ன? நாடகத்துல நீங்கதான பாட்டுப் பாடுதிய?"

சுடலைவடிவு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கூறுகெட்டவளே, கடத்துனா தூணு ஊதாதா? வெளியூர் போய் எத்தன பேரு சீரழியுதாளுவ. நீ ஊருக்குள்ளதான இருக்கே? மோரக் குடி."

ஆவுடை மோரைக் குடிக்கவில்லை. அன்று முழுக்க மீன் வெட்டிக்கொண்டே யோசித்தாள். தூண் ஊர் எல்லைக் கோட்டைத் தாண்டினால்தான் கேட்கும். தாண்டாதவளிடம் அதற்குக் கேள்வி இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து இருக்கை ரோஸ்லினிடம் மெல்லச் சொன்னாள். ரோஸ்லின் அடுத்தவளிடம் சொன்னாள். சொல் வரிசை கடைசிவரை போனது. எல்லோரும் கையை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

கடலுக்கு அப்பால் இரும்புக் கைகளும் மூடிக்கொண்டன. மீன் வந்து வந்து குவிந்து தரையில் சரிந்தது. பலவேசத்தின் போன் கத்தியது. பூட்டைத் திறந்துகொண்டு அவர் பாய்ந்து வந்தார்.

"என்னங்கட்டி சேட்ட? கைய விரிங்க!"

விரிக்கவில்லை. மாட்டியிருந்த கையுறையைப் பல்லால் கவ்வி உருவிப் போட்டுவிட்டு ஆவுடை எழுந்தாள். ஒவ்வொருத்தியாக எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள்.

"போங்க, போங்க. எங்க போயிருவிய? வீட்டுல மூஞ்சி கழுவிட்டுச் சீக்கிரம் வாங்க" என்று சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார் பலவேசம். அவரவர் வீட்டைத் தாண்டியும் அவர்கள் நடந்தபோதுதான் சிரிப்பு நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் அவர்கள் தூணுக்கு வந்துவிட்டார்கள்.

"உன்னை அழைத்துப் போவது யார்?"

"யாரும் இல்ல. என் காலு" என்றாள் ஆவுடை.

"எங்கே?"

"வெளிய."

"உன் அடையாள அட்டை உன் கையில் இருக்கிறதா?"

"இந்தா ஓடியாராரு பாரு, அவரு பெட்டியில இருக்கு."

சங்கு ஊதியது. பெண்கள் கோட்டைத் தாண்டி மேடையில் ஏறி நின்றார்கள். கையை நீட்டிக்கொண்டு வந்த பலவேசம் கூச்சவேலியில் மோதி, உடம்பைச் சொறிந்துகொண்டு துள்ளினார்.

சங்கு ஊதினதும் கிளம்பும் ஆளில்லாத மீட்பூர்தி நகரத்திலிருந்து வந்து சேர்ந்தது. அதன் மருத்துவக் கை முதலில் காவ்யாவின் விரல்களைப் பிடித்து, இளஞ்சூட்டு உறை போட்டு, ஊசி குத்தியது. "ஒரு விரல் சந்தேகம். மற்றவை பிழைக்கும்" என்றது. பிறகு எல்லோரையும் பார்த்து, "அஞ்ச வேண்டாம். உங்கள் வீட்டில் சேர்க்கிறோம்" என்றது.

"எந்த வீடு?"

"பதிவிலுள்ள முகவரி: தொலைக்கைக் கூடம், கருவேலம்பாறை."

ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களைக் கடத்தியவர் யார்?" என்று ஊர்தி கேட்டது.

"பலவேசம்."

"பொருந்தவில்லை. அவர் எல்லைக்குள் வசிப்பவர். காவல் குழுத் தலைவர்."

"அப்பம் நாங்க வரல" என்று ஆவுடை மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சம்மதமில்லாத பெண்ணை எந்த வண்டியிலும் ஏற்றக் கூடாது என்பது கருவேலம்பாறைக்காரர்களே கேட்டு வாங்கிய விதி. ஊர்தி ஓரமாய் நின்றது. சங்கு நிற்கவில்லை.

பொழுது இறங்க இறங்க வேலிக்கு உள்ளே கூட்டம் சேர்ந்தது. ராத்திரி வேலைக்குப் போக வேண்டியவர்கள், பால்வண்டிக்காரர், டியூஷன் பிள்ளைகள். நாடகத்துக்குக் கிளம்பிய சொர்ணப்பாண்டி கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றான்.

"நலமா?" என்று தூண் கேட்டது.

"இல்ல" என்றாள் ஆவுடை.

"காவ்யா, நீயாவது சொல்லு தாயி" என்று பலவேசம் குழைந்தார். "நலம்னு ஒரு வார்த்த."

காவ்யா உறை போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "நலம்" என்றாள்.

"ஏற்கப்படவில்லை" என்றது தூண். மேடையில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"ஏட்டி ஆவுடை, நாங்க என்ன பாவம் பண்ணுனோம்?" சுடலைவடிவுக்கு அழுகை வந்துவிட்டது. "எம் புள்ள சந்தைக்குப் போகணும். இப்படி அடைச்சு வச்சா எப்படி?"

"எதுக்கு மதினி அழுதிய?" ஆவுடை எழுந்து கோட்டுக்குப் பக்கத்தில் வந்தாள். "உங்கள யாரு கடத்துனா? ஊருக்குள்ளதான இருக்கிய? வீடு இருக்கு, சோறு இருக்கு. வேணும்னா சொல்லுங்க, மோரு வாங்கித் தாரேன்."

சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. சுடலைவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பலவேசத்தைப் பார்த்தாள். சொர்ணப்பாண்டி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, பலவேசத்தின் மூக்கில் மாட்டினான். ஒரு பிள்ளை குனிந்து மண்ணாங்கட்டி எடுத்தது.

"பெட்டிச் சாவியக் குடுங்க அண்ணாச்சி" என்றாள் சுடலைவடிவு.

அட்டைகள் ஒரு பிள்ளையின் தொப்பியில் வந்து, கோட்டைத் தாண்டி மேடையில் விழுந்தன. ஆவுடை தன்னுடையதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஊர் அவள் வாயையே பார்த்தது.

"நலமா?" என்று தூண் கேட்டது.

"கூடத்துக் கதவு இன்னும் அங்கதான இருக்கு?" என்றாள் ஆவுடை. "அதப் பேத்துக் கொண்டுவந்து இந்தக் கோட்டுல போடச் சொல்லு. அதுல ஏறி நின்னுகிட்டுச் சொல்லுதேன்."