மைதானம் கேட்ட நாலாவது வெடி

"அன்பான" என்று தொடங்கிய தலைவர் அடுத்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. மாலை 6.42. மேடையில் சரிந்தவர் உடம்பில் மூன்று குண்டுகள். சுட்டவன் முன்வரிசையிலேயே பிடிபட்டான். கையில் பழைய ரிவால்வர், அதற்குள் சுட்டு முடிந்த மூன்று தோட்டா உறைகள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு.

முடிய விட்டால்தானே! கூட்டத்தின் கடைசியில் நின்ற வானொலி நிருபரின் ஒலிப்பதிவில் வெடி நாலு. முதல் இரண்டுக்கும் நடுவே அரை நொடிதான். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துச் சுட வேண்டிய அந்தத் துப்பாக்கிக்கு அது முடியாத வேகம். அப்படியானால் இன்னொருவன் இருந்திருக்கிறான். மேடைக்குப் பின்னால் தனியாக நின்றது யார்? தலைவரின் ஓட்டுநர். அவரைத் தூக்கி உள்ளே போட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்துப் புதிய ஆய்வாளர் வந்தார். குற்றப்பத்திரிகைக்கு ஒரே நாள் பாக்கி.

காலை 9.10. ஏட்டய்யா மேசையில் கட்டுக்கட்டாக வாக்குமூலங்களை வைத்தார்.

"பெரிய சதி மேடம். பின்னாடி நின்னவங்க நாலு வெடிங்கறாங்க. முன்வரிசைக்காரங்க மூணுன்னு அடிச்சுப் பேசறாங்க. அத்தன பேரையும் விலைக்கு வாங்கிட்டாங்க."

"எத்தன பேரு?"

"இருநூறு."

"இருநூறு பேரும் அஞ்சு வாரமா வாயத் திறக்கலயா? நம்ம ஸ்டேஷன்ல பத்துப் பேரால ஒரு டிரான்ஸ்ஃபர ரகசியமா வெக்க முடியல."

வாக்குமூலங்களை, கொடுத்தவர்கள் நின்ற இடத்தின்படி ஆய்வாளர் அடுக்கினார். முன்னால் எல்லாம் மூன்று, பின்னால் எல்லாம் நாலு. ஒன்றுகூட இடம் மாறவில்லை.

10.30. ஓட்டுநரின் மனைவி வந்தாள்.

"நீங்க எங்க நின்னீங்க?"

"கடைசில. ஸ்பீக்கர் ஹாரன் கட்டின கம்பத்துக்குக் கீழ."

"எத்தன வெடி?"

"நாலு. அவரு மூணுதான்னு சத்தியம் பண்றாரு. பதினேழு வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல மேடம். ஆனா நான் என் காதால கேட்டேனே! ஜெயிலுக்குப் போயி அவரப் பாக்கறதயே விட்டுட்டேன்."

12.05. மைக் செட்காரர்.

"வெடி கேட்டதும் என்ன பண்ணீங்க?"

"கீழ படுத்துட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

அவர் யோசித்தார். "சத்தத்தச் சுத்தமா குறைச்சேன். மைக்ல படார்னு எது விழுந்தாலும் கை தானா குமிழுக்குப் போயிடும். இல்லன்னா ஹாரன் செத்துடும்."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலயே. தலைவர் செத்துக் கெடக்கறப்ப நான் ஹாரன் கதையச் சொல்லவா?"

"மேடைலேர்ந்து கடைசி ஹாரன் எவ்வளவு தூரம்?"

"நூத்தி எழுவது மீட்டர்."

ஆய்வாளர் சட்டென்று எழுந்தார்.

மாலை 4.00. அதே மைதானம், அதே மைக், அதே ஹாரன். மேடையில் விலங்கோடு ஓட்டுநர். கடைசிக் கம்பத்தடியில் அவர் மனைவியும், காதில் செல்போனோடு ஏட்டய்யாவும். ஆய்வாளர் மைக்குக்குப் பக்கத்தில் குண்டில்லாத தோட்டாவை ஒருமுறை வெடித்தார்.

"எத்தன?"

"ஒன்னு," என்றார் ஓட்டுநர்.

"ரெண்டு மேடம்!" என்று போனில் கத்தினார் ஏட்டய்யா. "அந்தம்மாவும் ரெண்டுங்கறாங்க!"

மைக் செட்காரர் சத்தத்தைக் குறைத்தார். மறுபடி ஒரு வெடி.

"இப்ப ஒன்னுதான் மேடம்."

குமிழைத் திரும்ப ஏற்றச் சொல்லி, ஆய்வாளர் மைக்கிலேயே பேசினார். "மொத வெடி ஒயர் வழியா உடனே ஹாரனுக்கு வந்துச்சு. அதே வெடி காத்துல வந்து சேர அரை நொடி ஆச்சு. அதனால பின்னாடி நின்னவங்களுக்கு ஒன்னு ரெண்டாச்சு. அதுக்கப்புறம் குமிழக் குறைச்சுட்டாரு. மீதி ரெண்டும் காத்துல மட்டும் வந்துச்சு. மொத்தம் நாலு. கொலகாரன் ஒருத்தன்தான், அவன் அன்னிக்கே பிடிபட்டான். நாலாவத வெடிச்சது அந்த ஹாரன்."

ஏட்டய்யா கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "அப்ப யாருமே பொய் சொல்லலயா மேடம்?"

"ஒருத்தர்கூட."

அம்மாடி! ஆயிரக்கணக்கான பேர், ஆளுக்கொரு கணக்கு, எல்லாமே உண்மை.

மனைவி அந்த மைதானம் முழுக்க நடந்து வந்தாள். மேடைக்குக் கீழே நின்றாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"என் காத நம்பினேங்க. உங்கள நம்பல."

ஓட்டுநரின் விலங்கைக் கழற்றினார்கள். அவர் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"நீ நின்ன எடத்துல நான் நின்னிருந்தா, நானும் நாலுன்னுதான் சொல்லியிருப்பேன்."